மைக்செட் அண்ணனும் கொக்குக் குஞ்சுகளும்

மதுரையில் சத்தத்தை வாடகைக்கு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, அமைதிக்காக ஊரோடு சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் மைக்செட் அண்ணன்தான். ஆனையூரில் எனக்குப் பக்கத்து வீடு. காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, அவர் பாக்ஸ் வைத்தால் நாலு தெரு தள்ளிச் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும்.

ஞாயிறு காலையில் மட்டும் ஆளே வேறு. என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய்க்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவார். செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. ஒருமுறை எனக்குத் தும்மல் வந்தது.

"கரையை விட்டு இறங்கித் தும்மிட்டு வாங்க தம்பி" என்றார் மெல்லிய குரலில்.

இறங்கினேன். தும்மல் போய்விட்டது. தின்ற ஆரஞ்சுத் தோலைக்கூட என் சட்டைப் பையில் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

அவருடைய தங்கை கணவர், மகள் சடங்கு விருந்தை அந்தக் கண்மாய்க் கரையிலேயே வைக்கப்போவதாகச் சொன்னபோதுதான் வினை வந்தது. கருவேல மரம் முழுக்கக் கொக்குகள் குஞ்சு பொரித்திருந்த நேரம்.

"அங்க செட்டு வராது மாப்ள."

"அப்ப தாய்மாமன் சீரும் வரவேணாம் மச்சான்!"

தங்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் அண்ணன் கடையில் பாட்டே ஓடவில்லை. ஞாயிறன்று மாப்பிள்ளையை எப்படியோ தாஜா பண்ணிக் கரைக்குக் கூட்டி வந்தார். நீள மூங்கிலில் மைக்கைக் கட்டி, தூர நின்றபடியே மரத்தின் பக்கம் நீட்டினார். ஹெட்போனை மாப்பிள்ளை காதில் மாட்டினார்.

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றது.

"இம்புட்டுக் கத்துதுகளே... என்ன மச்சான்?"

"பசி மாப்ள. நம்ம பாட்டப் போட்டா ஆத்தாக்காரி பயந்து பறந்திரும். அதுக கத்திக்கிட்டே கெடக்கும்."

மாப்பிள்ளை வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை. விருந்து மண்டபத்துக்கு மாறியது. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு போனது. தங்கை அண்ணனுக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள். அன்று அவர் வைத்த பாட்டுச் சத்தத்தில் பந்தியில் யார் என்ன கேட்டாலும் சாம்பார்தான் விழுந்தது.

இத்தனை வருடம் பாக்ஸ் பக்கத்திலேயே நின்றதில் அண்ணனுக்கு இப்போது காது மந்தம். ஆனாலும் ஞாயிறு தவறுவதில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன சொல்லுதுக தம்பி?" என்பார்.

எனக்குக் கொக்கு பாஷை தெரியாது. வாராவாரம் அவர் காதருகே குனிந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.