டவர் சித்தரின் செப்புப் பெட்டி

தீவில், டாலிகஞ்ச் கல்யாண மண்டபத்தில் அந்த மாதம் ஒரு கல்யாணமும் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. உள்ளே இருந்த எழுநூறு பேரும் மொபைல் போனுக்குத் தோஷம் கழிக்க வந்தவர்கள்.

கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து டவர் சித்தர் வந்திருந்தார். காவி வேட்டி, இடுப்பு வரை தாடி, நெற்றியில் மூன்று கோடு விபூதி. கோடுகள் வைஃபை அடையாளம் மாதிரி வளைந்திருந்தன. பக்தர்கள் அதைப் பார்த்தே பாதி சொக்கிப் போனார்கள்.

சித்தர் கண்டுபிடித்த உண்மை எளிமையானது. கடலுக்கடியில் கேபிள் போட்டபோது அது ஆதிசேஷனின் வாலை உரசிவிட்டது. அன்றிலிருந்து தீவிலுள்ள எல்லாப் போனிலும் சர்ப்ப தோஷம். முதல் சிம்மில் ராகு, இரண்டாவது சிம்மில் கேது. ஒரே சிம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்குக் காணிக்கை கூடுதல்.

இதையெல்லாம் தலைமைச் சீடர் சுதாகர் மைக்கில் இந்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். ராகு, கேது இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாததால் வங்காளிகளும் தெலுங்கர்களும் நம்மவர்களோடு சேர்ந்து ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

வாசலில் ஒரு போர்டு. 'காணிக்கை ரொக்கமாக மட்டும். நெட்வொர்க் கோளாறு காரணமாக யு.பி.ஐ. ஏற்கப்படாது.' எழுநூறு பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நாகலிங்கத்துக்கும் தோன்றவில்லை.

நாகலிங்கம் முட்டாள் அல்ல. ராமநாதபுரத்திலிருந்து வந்து, ஒரு சர்க்கார் ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவர் இப்போது நொந்து போயிருந்தார். மகள் ரூபாவுக்கு மதுரையில் தலைப்பிரசவம். மனைவி விஜயலட்சுமி போய்ச் சேர வேண்டும். விமான டிக்கெட் விலையைப் பார்த்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரி, கப்பலில் போகட்டும் என்று முடிவானது. கப்பல் டிக்கெட் ஆன்லைனில் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஒன்பது பத்துக்குத் தீர்ந்துவிடும். நாகலிங்கத்துக்கு ஓ.டி.பி. ஒன்பது பதினாலுக்கு வரும்.

இரண்டு கப்பல் இப்படிப் போயிற்று. மூன்றாவது தடவை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று முயன்றார். டிக்கெட் இணையப் பக்கம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'நீங்கள் ஒரு ரோபோ அல்ல என்று நிரூபிக்கவும்' என்று கேட்டது. டிராஃபிக் விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொட்டு நிரூபித்தார். நிரூபித்து முடித்தபோது கப்பலில் இடமில்லை.

அப்படிப்பட்ட மனுஷரிடம் ஒருவர் வந்து "உங்கள் மேல் குற்றமில்லை, ராகு மேல்தான் குற்றம்" என்று சொன்னால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

மேடையில் இரண்டு செப்புப் பெட்டிகள் இருந்தன. இடப்பக்கம் தோஷப் பெட்டி. வலப்பக்கம் சுத்திப் பெட்டி. நாகலிங்கத்தின் போனைத் தோஷப் பெட்டியில் வைத்து மூடினார் சித்தர். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். சுதாகர் தன் போனிலிருந்து நாகலிங்கத்தின் எண்ணுக்கு அடித்து, மைக்கருகே பிடித்தார். கம்பெனிக்காரப் பெண்மணி இந்தியில் மண்டபமெங்கும் அறிவித்தாள்: நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

"பாத்தீரா?" என்றார் சித்தர். "ராகு எப்படி விழுங்கி வச்சிருக்கான் பாத்தீரா?"

கூட்டம் ஐயோ என்றது. பிறகு போன் சுத்திப் பெட்டிக்கு மாறியது. மணியடித்து, சூடம் கொளுத்தி, மூன்று நிமிஷம் மந்திரம். சுதாகர் மறுபடி அடித்தார். பெட்டிக்குள்ளிருந்து நாகலிங்கத்தின் போன் முருகன் பாட்டுப் பாடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தோஷம் போயிருச்சு. ஆனா திரும்பி வரும்" என்றார் சித்தர். தோஷங்களுக்கு அந்த வழக்கம் உண்டு. "கவசத்துலயே வச்சிரும். பேசணும்னா எடும், பேசி முடிச்சதும் உள்ள வையும். பதினோரு நாள்."

கவசம் என்பது சிவப்புத் துணி உறை. உள்ளே செப்புத் தகடு. புருஷன் பெண்டாட்டிக்கு ஜோடியாக வாங்கினால் சலுகை. நாகலிங்கம் ஜோடியாக வாங்கினார்.

லம்பா லைன் பகுதியிலிருந்த வீட்டில் விஜயலட்சுமி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் காசுக்கு வேற கம்பெனி சிம்மு ரெண்டு வாங்கியிருக்கலாமே?"

"சிம்ம மாத்தினா ராகு போயிருவானா?"

"ராகுவுக்கு நம்ம நம்பரு எப்படிங்க தெரியும்?"

"உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு" என்று சொல்லி, அவள் போனையும் வாங்கி உறைக்குள் போட்டார்.

மூன்று நாள் அமோகமாகப் போயிற்று. கடன் வேணுமா என்று கேட்டு ஒருவரும் கூப்பிடவில்லை. இன்ஷூரன்ஸ்காரப் பெண் கூப்பிடவில்லை. உங்கள் கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டுகிற ஆசாமியும் கூப்பிடவில்லை. ஆபீசில் நாகலிங்கம் எல்லாரிடமும் சொன்னார்: "கவசம் போட்டதுலேர்ந்து ஒரு தொல்லை இல்ல. பக்கா சாந்தி!" அதைக் கேட்டு மூன்று பேர் டாலிகஞ்சுக்கு ஆட்டோ ஏறினார்கள்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு ஞானசெல்வி மதியம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஜங்லிகாட் படகுத் துறையில் மீன் ஐஸ் ரூமில் சூப்பர்வைசர். கையில் அவளுடைய போன்.

"அக்கா, ஒங்க ரெண்டு பேரு போனும் என்னாச்சி? ரூபா மாமியாரு லைன்ல இருக்காவ. காலையிலேருந்து அடிச்சிப் பாத்து முடியாம எனக்குப் போட்டிருக்காவ."

விஜயலட்சுமி போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். ரூபாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாள் வரும்வரை காத்திருக்க முடியாது, முன்னாலேயே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். பெண் காலையிலிருந்து அம்மா, அம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விஜயலட்சுமி அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்த இரண்டு உறைகளையும் எடுத்துப் புருஷன் முன்னால் மேஜை மேல் வைத்தாள். போன்களை வெளியே எடுத்தாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டும் டிங் டிங் என்று ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. தவறிய அழைப்புகள் பத்தொன்பது.

ஞானசெல்வி உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தகடா? இதுக்குள்ளயா அண்ணாச்சி போன வச்சிருந்திய?"

"அது கவசம்மா. தோஷத்துக்கு..."

"எங்க ஐஸ் ரூம்ல சுத்திவர தகடு அடிச்சிருக்கு. கதவச் சாத்துனா சிக்னல் செத்துரும். தொறந்தா வந்துரும். பன்னெண்டு வருஷமாப் பாக்கேன். அங்க எந்த ராகு வந்து மீன் எடை போடுதான்?"

நாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "இங்க பாரு செல்வி, உங்களுக்கு உங்க சாமி. எங்களுக்கு எங்க சாமி. இதுல நீ..."

"டவரு எந்தக் கோயிலுக்குப் போவுதுன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. இப்ப போன உள்ள வைங்க."

வைத்தார். அவள் ஒரு நிமிஷம் பொறுத்து அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. எடுத்தார். அடித்தாள். முருகன் பாட்டு. மறுபடி வைத்தார். எல்லைக்கு வெளியே. மூன்றாம் தடவை உள்ளே வைக்க அவருக்குக் கை வரவில்லை.

"அப்ப அந்தப் பெட்டி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பெட்டிக்குள்ள சாமியாரு தன் போன வச்சிப் பாத்தாரா?"

இருபத்தெட்டு வருஷமாகத் திறந்து பார்க்காமல் ஒரு மூட்டைக்கும் கையெழுத்துப் போடாதவர், பாட்டுப் பாடிய பெட்டி ஒன்றுக்குக் கண்ணீர் விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதுதான் அவரைக் குத்தியது.

"விஜி, ஊருக்குப் பெட்டி அடுக்கி வை" என்று மட்டும் சொன்னார். "செல்வி, நீயும் வா."

மண்டபத்தில் வழக்கம் போலக் கூட்டம். நாகலிங்கம் மேடை ஏறி, கும்பிட்டு, மைக்கைக் கேட்டு வாங்கினார். சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து சுதாகர் சந்தோஷமாகக் கொடுத்தார்.

"சாமி, எங்க எல்லாப் போன்லயும் தோஷம். உங்க போன்ல மட்டும் இருக்கவே இருக்காது. அத ஜனங்க கண்ணாரப் பாக்கணும். உங்க போன ஒரு தடவ இடப்பக்கப் பெட்டியில வைங்க. உள்ள வச்சாலும் அடிக்கும்ல? அதான் சாமி மகிமை!"

கூட்டம் கை தட்டியது. சித்தருக்கு முகம் ஒரு கணம் காய்ந்தது.

"குருவைச் சோதிக்கிறது பாவம்."

"சோதனையில்ல சாமி. தரிசனம்."

கீழே ஒரு வங்காளி எழுந்தான். "திகா தோ பாபா! ஹம் லோக் பீ தேகேகா!"

காட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்று அர்த்தம். தேகேகா, தேகேகா என்று மண்டபமே கத்தியது. பக்தியால் இப்படி ஒரு இக்கட்டு வரும் என்று சித்தர் எதிர்பார்க்கவில்லை. அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். ஊரில் ஒருவரும் வாங்க முடியாத விலையுள்ள போன் அது. மெதுவாக உள்ளே வைத்தார். மூடியைக் கொஞ்சம் இடைவெளி விட்டே மூடினார். நாகலிங்கம் பணிவோடு மேலே ஒரு கை வைத்து அழுத்தினார். பொருள் சரியாக மூடவில்லை என்றால் அவருக்குப் பொறுக்காது.

ஒரு நிமிஷம் போயிற்று. சுதாகர் அடித்தார். வேறு வழியில்லை, மைக் நாகலிங்கத்தின் கையில் இருந்தது.

கம்பெனிக்காரப் பெண்மணி ஆள் பார்த்துப் பேசுகிறவள் அல்ல. நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.



சித்தர் லேசுப்பட்டவர் அல்ல. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தழுதழுத்தார். "குழந்தைகளே! உங்க எல்லார் தோஷத்தையும் வாங்கி வாங்கி, இன்னிக்கு என் போனே விழுந்திருச்சே!"

நம்ப மாட்டீர்கள், முன்வரிசையில் நாலைந்து பேர் உடனே அழுதார்கள். ஒருவர் தன் போனைக் காணிக்கையாகக் கொடுக்க எழுந்துகூட விட்டார்.

அதற்குள் ஞானசெல்வி மேடையில் இருந்தாள். "அழுறவுக அப்புறம் அழுங்க. தோஷம் கழிக்காத போனு யார்ட்ட இருக்கு?"

நூறு கை உயர்ந்தது. கிடைத்த ஒரு போனை வாங்கி, மணியில்லாமல், சூடமில்லாமல், நேராக வலப்பக்கச் சுத்திப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். சொந்தக்காரரின் நம்பரைக் கேட்டுத் தன் போனிலிருந்து அடித்தாள். பெட்டிக்குள் மணி கணீரென்று அடித்தது.

"ராகு உள்ளதானே இருக்கான்? பெறகு எப்படி அடிக்கி?"

கேட்டுக்கொண்டே வீட்டுச் சாவியால் சுத்திப் பெட்டியின் ஓரத்தைச் சுரண்டினாள். செப்பு நிறம் உதிர்ந்தது. உள்ளே பிளைவுட். தோஷப் பெட்டியைச் சுரண்டினாள். அது அசல் செம்பு, இரண்டு அடுக்கு.

"தகட்டுல வச்சா செத்துரும். பலகையில வச்சா பொழச்சிரும். நடுவுல இவரு சொல்லுத மூணு நிமிஷ மந்திரம், போனு டவரத் தேடிப் பிடிக்கதுக்கு!"

முதலில் சிரித்தவர் அழுதுகொண்டிருந்த முன்வரிசைக்காரர்தான். பிறகு சிரிப்பு பின்வரிசை வரை போய், திரும்பி வரும்போது கோபமாக வந்தது. சித்தர் சமையல்கட்டு வழியாக வெளியேறப் பார்த்தார். தாடி ஒரு ஆணியில் மாட்டியது. தாடி அங்கேயே நின்றது. சித்தர் மட்டும் போனார். வாசலில் பிடித்துவிட்டார்கள். புகார் எழுத வந்த ஏட்டு ஸ்டேஷனுக்குப் பேசச் சட்டைப் பைக்குள் கை விட்டார். முதலில் வந்தது சிவப்பு உறை. அவர் திரும்பி நின்று அதிலிருந்து போனை உருவினார்.

மறுநாள் விடியற்காலையில் நாகலிங்கம் மதுரை ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் போய் நின்றார். விமான டிக்கெட் விலை இன்னும் ஏறியிருந்தது. ஆறு மணி நேரம் நின்றார். அவசரக் கோட்டாவில் ஒரு படுக்கை இடம் கிடைத்தது. கப்பல் மூன்றாம் நாள்தான் சென்னையைத் தொடும். இரண்டாம் நாள் நடுக்கடலில் விஜயலட்சுமி இருக்கும்போது ரூபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். அம்மா பக்கத்தில் இல்லாமல்தான் பெற்றாள். முதல் இரண்டு கப்பலை அந்த ஓ.டி.பி. கெடுத்தது, சரி, ஆனால் மகள் கூப்பிட்ட அந்தக் காலைப் பொழுதைக் கெடுத்தது யார் என்பதை நாகலிங்கம் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் மூன்று பேரிடம் மட்டும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கப்புறம் அவரும் ஞானசெல்வியும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். டாலிகஞ்சுக்கும் லம்பா லைனுக்கும் இன்னொரு டவர் வேண்டும், டிக்கெட் இணையப் பக்கத்தில் ஓ.டி.பி.க்கு இன்னும் பத்து நிமிஷம் வேண்டும். கையெழுத்துப் போட அதே மண்டபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டணம் கிடையாது.

ஏழு பேர் வந்தார்கள்.

மீதிப் பேரை விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. தீவின் வடக்கே மாயாபந்தரில் ஒரு சாமியார் அம்மா வந்திருக்கிறாராம். மீட்டரில் எலுமிச்சம்பழம் கட்டினால் கரண்ட் பில் பாதியாகக் குறைகிறதாம். பஸ் பேசிப் போயிருக்கிறார்கள்.

போய் வாருங்கள், ஐயா. போகிற வழியில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மாதாமாதம் ரீசார்ஜ் கேட்காத கருவி ஒன்று உங்கள் கழுத்துக்கு மேலே இருக்கிறது. ஒரு தடவையாவது உபயோகித்துப் பாருங்கள்.