மழை அளக்கும் கருவிக்கு நான் செய்த அபிஷேகம்

இதை எழுத உட்காருவதும், அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து போவதுமாகப் பல வருசம் ஓடிவிட்டது. (அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பதில் கருகுவதற்கு என்ன இருக்கிறது?) விசயம் அப்படிப்பட்டது. ஒரு பக்கம் அரசாங்கத்துக் காசு, இன்னொரு பக்கம் சாமி, நடுவில் மஞ்சள் தண்ணிக் குடத்தோடு நான். எழுதினால் யாராவது சிரிப்பார்களே என்று பயந்தேன். பிறகு பார்த்தால், நான் எழுதாமலேயே ஊரே சிரித்துக்கொண்டிருக்கிறது.

என் வீடு புசல்லாவை ரோட்டிலிருந்து மேலே ஏறி, தேயிலை முடிகிற இடத்தில் தனியாக இருக்கிறது. வீட்டுக்காரர் லொறி ஓட்டினார். அவர் போனபிறகு லொறியும் போய்விட்டது. மகள் சாந்தி கல்யாணம் முடித்துத் திகனயில். மகன் கட்டாரில். வீட்டில் நானும் பிள்ளையார் படமும்தான். (அவர் அதிகம் பேசமாட்டார்.)

அப்படி இருக்கும்போதுதான் கண்டியிலிருந்து ஒரு கம்பனி ஜீப் வந்தது. இறங்கியவர் நௌஷாத் தம்பி, திகனக்காரர், நாற்பது வயது இருக்கும். ('சொல்லும்' என்பதை 'செல்லும்' என்பார்.) என் முற்றத்தில் ஒரு கருவி வைக்க இடம் கேட்டார்.

"அக்கா, மேல சுத்துற சட்டலைட் மேகத்தப் பாத்து, இங்க இவ்வளவு மழ எண்டு கணக்குச் செல்லும். அது சரியா எண்டு கீழ இருந்து ஒரு ஆள் சாட்சி செல்லோணும். அந்த ஆள்தான் இது. காலநிலை ஆராய்ச்சிக்கு அரசாங்கம் குடுத்த கொந்தராத்து, ஒப்பந்த வேல."

"மேலருந்து பாக்குறப்போ நான் தெரிவேனா தம்பி?"

"மேகம் தெரியும்க்கா. நீங்க தெரிய மாட்டீங்க."

சரி என்றேன். ஆனாலும் அதற்குப் பிறகு முற்றம் கூட்டப் போகும்போது கொஞ்சம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன். யாரோ ஒருத்தர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வதில் என்ன செலவு?

மூன்று கால், நடுவில் கம்பி. ஒரு பக்கம் மழை பிடிக்கிற புனல். அதற்குள் ரெண்டு சின்னக் கரண்டி. ஒன்று நிறைந்தால் 'டிக்' என்று சாயும், அடுத்தது நிறையும். காற்றுக்கு மூன்று கிண்ணம் சுழலும். வெயில் அளக்க ஒரு கண்ணாடிக் குமிழ். சூடு பார்க்க, கவிழ்த்து அடுக்கிய வெள்ளைத் தட்டுகள். எல்லாக் கணக்கும் அதுவே போன் மாதிரி கண்டிக்கு அனுப்பிவிடும். மழை நாளில் அந்த 'டிக் டிக்' கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். பக்கத்து அறையில் யாரோ வெற்றிலைப் பாக்கு வெட்டுகிற மாதிரி இருக்கும்.

மாதம் ஒரு தடவை நௌஷாத் தம்பி வந்து தூசி துடைப்பார். பிளேன்டீ குடிப்பார். அலுமாரியில் இருந்த ரெண்டாவது கோப்பை அவரால்தான் வெளியே வந்தது.

டவுனில் கடைக்காரர் கேலி பண்ணினார். "அரசாங்கத்துக்கே கையில காசில்லயாம், இதுல மேகத்த எண்ணக் கொந்தராத்தா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழை எங்க விழுதுன்னு முன்கூட்டித் தெரியாம எத்தன லயத்து வீடு மண்ணுக்குள்ள போச்சு, தெரியாதா அண்ணே? அதுக்குச் செலவு பண்ணாம வேற எதுக்குப் பண்றது?" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். (கருவிக்காக வாதாடினேனா, மாதம் ஒரு பிளேன்டீக்காக வாதாடினேனா என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும்.)

அப்புறம் ஒரு ஐப்பசிக்கு முன்னால் நௌஷாத் தம்பி முகம் வாடி வந்தார்.

"கொந்தராத்து முடியிதுக்கா. கொழும்பு ஆபீஸ் மேடம் வந்து பாப்பாங்க. இது நல்லா வேல செய்யுது எண்டு கண்டா நீட்டிப்பாங்க. இல்லாட்டி கழட்டிட்டு வரச் செல்லுவாங்க."

"எப்ப வாராங்க?"

அவர் சொன்ன நாளைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயுத பூசை!

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வேலை செய்கிற பொருள் எதுவானாலும் அன்றைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டால்தான் வருசம் முழுக்க ஒழுங்காக ஓடும். வீட்டுக்காரர் லொறியை மாப்பிள்ளை மாதிரி ஜோடிப்பார். அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் பூசை வைக்கத் தேங்காய் துருவிதான் மிச்சம். இப்போது முற்றத்திலேயே அரசாங்கத்துக் கருவி நிற்கிறது, அதுவும் பரீட்சைக்கு நிற்கிறது. விடுவேனா?

காலையில் குளித்து, சுண்டல் அவித்து, பொங்கல் வைத்து இறங்கினேன். வெயில் என்றால் வெயில், வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு இல்லை. மூன்று காலுக்கும் மூன்று எலுமிச்சம்பழம். (லொறிக்கு வைக்கிற பழக்கம். இது எங்கே ஓடப் போகிறது என்று யோசிக்கவில்லை.) கண்ணாடிக் குமிழுக்குக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். காற்றுக் கிண்ணங்களைச் சுற்றி செவ்வந்தி மாலை. தட்டுகளுக்கு அடியில் கற்பூரம். பிறகு புனலில் அபிஷேகம். முதலில் தண்ணீர், அப்புறம் மஞ்சள் தண்ணீர், இளநீர். உள்ளே டிக் டிக் டிக் டிக் என்று அப்படி ஒரு வேகம். சாமி ஏற்றுக்கொண்டது என்று கண் கலங்கிவிட்டேன்.

இடுப்பில் இருந்த போன் அடித்தது.

"அக்கா! எங்க ஈக்கிறீங்க? வீட்ட விட்டு வெளிய ஓடுங்க!"

"வெளியதான் தம்பி இருக்கேன். ஏன்?"

"நாங்க கெலிஓயா தாண்டி வாறம். மேடம் கொம்பியூட்டர்ல பாத்துட்டு ஈக்கிறாங்க. உங்கட இடத்துல பேய் மழ! வெளிச்சமே இல்ல, காத்து அப்பிடியே நிண்டுட்டு, சூடு ஏறிட்டே போகுது! சட்டலைட்ல பாத்தா ஒரு மேகமும் இல்ல. மல சரியப் போகுதோ எண்டு பயப்படுறாங்க!"

"இங்க வெயில் கொளுத்துது தம்பி."

"மழ இல்லயா?"

"இல்லையே."

"அப்ப அதுக்குள்ள என்ன விழுது?"

செம்பைப் பார்த்தேன்.

"இப்ப பால்."

 அந்தப் பக்கம் மெதுவாக, அழுகிற குரலில், "அல்லாவே... அக்கா, நிப்பாட்டுங்க."

"அபிஷேகத்த பாதியில நிப்பாட்டக் கூடாது தம்பி. வாங்க, தீபாராதனைக்குச் சரியா இருக்கும்."

பக்கத்தில் இருந்த மேடத்திடம் இதை எந்தப் பாசையில் சொல்வது என்று தெரியாமல், லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அதனால் அந்த அம்மா என் முற்றத்தில் மழைக்கோட்டும் முழங்கால்வரை சப்பாத்துமாக, கொளுத்துகிற வெயிலில் வந்து இறங்கினார்.

மாலையைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். புனலில் இருந்து பால் சொட்டுவதைப் பார்த்தார். "மே மொனவத?" என்று கேட்டார். இது என்ன என்கிறார்.

வீட்டுக்காரரின் லொறிச் சிங்களத்தில் சொன்னேன்: "பூஜாவக் மேடம். ஹொந்தட வெட கரண்ட." நல்லா வேலை செய்யணும் என்று.

அந்த அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பூசை நடக்கிற இடமல்லவா. வெறுங்காலோடு நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பொங்கலும் வாங்கிச் சாப்பிட்டார். நான் நௌஷாத் தம்பியைப் பார்த்து, பார்த்தீங்களா என்கிற மாதிரி சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியபின் மேடம் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். நௌஷாத் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"மேடம் கோவப்படல்லக்கா. ஆனா இது பொதுச் சனத்தின்ட காசு. இந்தக் கணக்க நம்பி நாளைக்கு ஒரு ஊரயே எழுப்பி வெளிய அனுப்ப வரும். பிழையாகக் கூடாது. அதால, மனுசக் கை படாத இடமா வேணுமாம்."

மேடம் சொன்னது முழுக்க நியாயம். கடையில் நானே சொன்ன நியாயம்தான். ஆனாலும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்: இதைவிட மனுசக் கை படாத வீடு எங்கே அம்மா இருக்கிறது?

அடுத்த வாரம் கழற்றிக்கொண்டு போனார்கள். மலை உச்சியில் வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம். நௌஷாத் தம்பி கடைசிப் பிளேன்டீயைக் குடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போயிட்டு வாறன்க்கா" என்றார். அப்படித்தானே எல்லோரும் சொல்கிறோம். பாவம், அவருக்கு வேறு எங்கோ வேலை போட்டுவிட்டார்கள்.

இப்போதும் காலம் தப்பி மழை பெய்தால் திகனயிலிருந்து சாந்தி போன் எடுக்கிறாள். "அம்மா, இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. பால் ஊத்துனீங்களா?" பின்னால் பேரப்பிள்ளைகள் கெக்கலி கொட்டுவது கேட்கும். அதற்காகவே மழையை வேண்டிக்கொள்கிற நாளும் உண்டு.

ஆனால் ஊரில் இந்தக் கதை கெட்டுவிட்டது. போன திருவிழாவில் என் முன்னாலேயே ஒருத்தர் சொன்னார்: தப்பு மேளம் அடித்தார்களாம், ஐயர் வந்தாராம், கிடாய் வெட்டினார்களாம், தோட்டமே திரண்டு வந்து கருவியைச் சுற்றிக் கும்பிட்டதாம். நானும் சிரித்துக் கேட்டேன். எனக்கே அந்தக் கதையில் போய் உட்கார ஆசையாக இருந்தது, அவ்வளவு கூட்டம்.

அதனால்தான் எழுதினேன். நீங்கள் தாராளமாகச் சிரியுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். கிடாயும் வேண்டாம், தப்பும் வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். ஒரு கருவி, ஒரு செம்புப் பால். கூட யாரும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் ஆள் சேர்க்காதீர்கள்.