இரண்டாம் பக்கத்தில் ஒரு தும்மல்

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கலைப்பணி ஒரு தும்மல். அது இசைத்தட்டிலேயே வந்துவிட்டது.

'ஏழாவது மாடி' குழுவின் கச்சேரித் தட்டு. மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி. டிரம்ஸ் ஓய்கிறது. கீபோர்டு ஓய்கிறது. தோகாஷி மட்டும் பேஸ் கிடாரில் ஒவ்வொரு சுரமாகத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். இரண்டாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது கேட்கிறது: "ஹா... ஹா... ஹச்சூ! சனியனே!"

அது நான்தான். தும்மி முடித்ததும் தும்மலைத் திட்டுவது எங்கள் ஜப்பானிய ஆண்களின் பழக்கம். என் அப்பா திட்டுவார். ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் திட்டுவார்கள். ஆனால் என்னைப் போல் இழுத்துத் திட்டுகிறவர் கவாசாகி நகரத்திலேயே வேறு கிடையாது என்பது என் மனைவி சிசுருவின் கருத்து.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? அந்த மாலையில் நான் நாகோயாவில் இருந்தேன். அதாவது, சிசுருவைப் பொறுத்தவரை.

அன்றைக்குத்தான் அவளுடைய இல்லத்தரசிகள் பாட்டுக்குழு வட்டார மண்டபத்தில் பாடியது. பதினெட்டுப் பேர், ஒரே நிறப் பாவாடை. அதற்காக ஆறு மாதம் எங்கள் குளியலறை அதிர்ந்தது. அதே சனிக்கிழமை, அதே நேரம், 'ஏழாவது மாடி' டோக்கியோவில் வாசித்தது. நான் பதினோரு வருடமாகத் தோகாஷியின் பக்தன். என்ன செய்வேன்?

"பிரிவுத் தலைவர் ககெயாமா சானோட நாகோயா போகணும். ஓடு விஷயமா. ரொம்ப அவசரம்" என்றேன். குளியலறை ஓடு விற்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஓடு விற்கிறவன் ஓடாமல் முடியுமா?

வெளியூர் போனவன் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய முடியாது. டோக்கியோவிலேயே ஒரு பெரிய கடையின் அடித்தளத்தில் நாகோயாவின் அரிசிமாவு இனிப்பைத் தேடிப் பிடித்தேன். களைத்த முகத்தை வழியில் தயார் செய்துகொண்டேன். சிசுரு இனிப்பை வெட்டித் தட்டில் வைத்தாள். "நாகோயாவுல மழையா?" என்று மட்டும் கேட்டாள். "தூறல்" என்றேன். கலைஞன் அளவோடுதான் பொய் சொல்வான்.

நான்கு மாதம் கழித்துத் தட்டு வந்தது. உறைக்குள் கருத்து எழுதி அனுப்ப வழக்கமான அஞ்சலட்டை. அதன் அடியில் இந்த முறை இப்படி அச்சடித்திருந்தது: "தோகாஷியின் தனி வாசிப்பின் நடுவே தும்மிய அன்பரே, உங்கள் தும்மலை வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றைய டிக்கெட்டின் துண்டை ஒட்டி, மாத முடிவுக்குள் எழுதுங்கள். அடுத்த கச்சேரிக்கு முதல் வரிசையில் இரண்டு இடம். மேடையில் தோகாஷியோடு கைகுலுக்கலாம்."

அதை மூன்று முறை படித்தேன். டிக்கெட் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒட்டினேன். திங்கட்கிழமை, பதில் வர ஆபீஸ் முகவரி எழுதி அனுப்புவதாகத் திட்டம். அட்டையை உறைக்குள்ளேயே ஒளித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இகுஷிமா அம்மாள் தேநீர் குடிக்க வந்தாள். நான் கொல்லைப்பக்கம் போர்வை உலர்த்திவிட்டுத் திரும்பினால், தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் இரண்டாம் பக்கம்.

"ஹச்சூ! சனியனே!"

இகுஷிமா அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அட! நம்ம குசாகாபே சான்!"

"நானா? நான் இங்கதானே நிக்கிறேன்" என்றேன்.

"என்னங்க, உங்க குரல் மாதிரியே இல்ல?" என்றாள் சிசுரு.

"தும்மலுக்கு ஏது குரல்? எல்லா ஆம்பளையும் அப்படித்தான் தும்முவான்."

"இழுத்து இழுத்துத் திட்டவும் செய்வானா?"

"ஜப்பான்ல பத்துக் கோடி பேர் இருக்காங்க சிசுரு. ஒருத்தனாவது இழுக்க மாட்டானா?"

"பாவம், யாரோ" என்றாள் இகுஷிமா அம்மாள். "அந்த ஆளுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பா. அவளும் பாவம்."

"அப்போ இது நீங்க இல்ல?" என்றாள் சிசுரு.

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"இகுஷிமா சான், கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அவள். பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு நானும் ஒரு கோப்பை தேநீர் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை உறையைத் திறந்தேன். தட்டு இருந்தது. பாட்டு வரிகள் இருந்தன. அஞ்சலட்டை இல்லை.

மெத்தைக்கு அடியில் தேடினேன். அரிசிப் பெட்டியில் தேடினேன். மனைவியிடம் கேட்கலாம் என்றால், எந்த வாயால் கேட்பது? செவ்வாய் போனது, புதன் போனது. மாத முடிவுக்கு இரண்டே நாள். ஒரு பக்கம் மானம், மறுபக்கம் தோகாஷி. வியாழன் காலை மானம் தோற்றது. சிசுரு சூப்பில் வெங்காயத்தாள் தூவிக்கொண்டிருந்தாள். நான் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தேன்.

"என்னங்க, ஏதாவது விழுந்துடுச்சா?"

"நான்தான் விழுந்துட்டேன். அந்தத் தும்மல் என்னுது. நான் நாகோயா போகல. உன் பாட்டுக்கு வராம ஏமாத்திட்டேன். மன்னிச்சுடு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. ககெயாமா சான் மூணாவது வரிசையில உட்கார்ந்து கைதட்டிக்கிட்டிருந்தார். அவர் மனைவி எனக்குப் பக்கத்துல நின்னு பாடறாங்க. 'உங்க வீட்டுக்காரர் வரலையா'ன்னு கேட்டார். காய்ச்சல்னு சொன்னேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

நான் நெற்றியை இன்னும் அழுத்தினேன். அழுத்தியபடியே, "அந்த அஞ்சலட்டை..." என்றேன்.

"திங்கக்கிழமையே போட்டுட்டேன்."

துள்ளி எழுந்தேன். "சிசுரு! நீ தெய்வம்! முதல் வரிசை! ரெண்டு இடம்! நீயும் நானும்!"

"நானும் இகுஷிமா சானும்" என்றாள் சிசுரு. "நான் பாடினப்போ பூங்கொத்து எடுத்துக்கிட்டு அவங்கதான் வந்தாங்க. அதுவும் இல்லாம, தும்மினது நீங்க இல்லைன்னு அவங்க முன்னாடிதானே அடிச்சுச் சொன்னீங்க. இப்போ மாத்திப் பேசினா குடும்ப மானம் என்ன ஆகும்? சூப் ஆறுது, சாப்பிடுங்க."

கச்சேரியன்று இருவரும் கிமோனோ கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இகுஷிமா அம்மாளின் கணவரும் நானும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்தோம்.

அந்தக் கச்சேரியும் தட்டாக வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் முடிவில் தோகாஷி சிசுருவை மேடைக்கு அழைத்து, "தும்மினவர் எங்கே?" என்று கேட்கிறார். "வீட்டுல பட்டாணி உரிக்கிறார்" என்கிறாள் அவள், தெளிவான, பயிற்சி பெற்ற குரலில். இரண்டாயிரம் பேர் சிரிக்கிறார்கள். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பத்தொன்பது விநாடி.

உறையின் பின்பக்கம், நன்றி சொல்லும் இடத்தில், என்னையும் விட்டுவிடவில்லை: "திருமதி குசாகாபே சிசுரு, மற்றும் வர இயலாத கணவர்."