மூன்று பேருக்கு ஒரு பாஸ்வேட்

மட்டுவில் தெற்கு,
சாவகச்சேரி.
14.06.2024

அன்பின் மருமகன் கோகுலனுக்கு,

மாமி பத்மாசினி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமாவும் அம்மன் துணையால் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. வெள்ளவத்தையில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு, குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ அதை ஒபிசில் சத்தமாய்ப் போட்டுக் கேட்பாய். நேரே கதைத்தால் எனக்கு அழுகை வந்து பாதியில் வைத்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன். தனியே இருந்து வாசி.

போன வருடம் நீ லீவில் வந்து நின்றபோது எங்கள் டொக்டரின் டிஸ்பென்சரிக்கு ஒரு கொம்பியூட்டர் பூட்டித் தந்தாய். பத்தொன்பது வருடமாய் நான் கவுண்டரில் இருந்து கொப்பியில் எழுதிய நோயாளர் விபரமெல்லாம் அதற்குள் போயிற்று. ஒரு கடவுச்சொல் போடுங்கோ மாமி என்றாய். என் பேரையே அடித்தேன். பலவீனம் என்று சிவப்பில் வந்தது. ஐம்பத்தேழு வருசமாய் இந்தப் பேரோடை சீவிக்கிறன், ஒருத்தரும் அப்பிடி முகத்துக்கு நேரை சொன்னதில்லை. பெரிய எழுத்து வேணுமாம், சின்ன எழுத்து வேணுமாம், இலக்கம் வேணுமாம், கடைசியிலை ஆச்சரியப்படவும் வேணுமாம். முப்பது நாளைக்கு ஒருக்கா மாத்த வேணும், அஞ்சு நிமிசம் தொடாமல் விட்டால் தானாய்ப் பூட்டிக்கொள்ளும் எண்டு சொல்லிப்போட்டு நீ கொழும்பு பஸ் ஏறியிட்டாய். மிச்சத்தை நாங்கள் அனுபவிச்சம். நாங்கள் எண்டால் நான், டொக்டர், தை மாதம் மருந்து குடுக்கிற வேலைக்கு வந்த பிரியந்தினி. மூண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேட். ஒரு நாள் காய்ச்சல்காரப் பிள்ளை ஒண்டு தாயின்ரை மடியிலை சத்தி எடுக்குது, காத்திருக்கிற வாங்குகளிலை முப்பது பேர், டொக்டர் மூண்டு தரம் பிழையாய் அடிச்சு, அது அரை மணித்தியாலம் பூட்டிக்கொண்டிட்டுது. "உந்தச் சனியனைத் திறவுங்கோ அக்கா!" எண்டு அவர் கத்தின சத்தம் றோட்டுக்குக் கேட்டது. அண்டைக்குத்தான் நான் காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டரிலை ஒரு துண்டு வெட்டி, பாஸ்வேட்டை எழுதி, கொம்பியூட்டரின்ரை நெத்தியிலை ஒட்டினன். டொக்டரும் சிரிச்சார். அதுக்குப் பிறகு எல்லாருக்கும் வசதி. நான் தடுமாறினால் வாங்கிலை இருக்கிற நோயாளியளே எட்டிப் பாத்து, "அக்கா, கடைசி ஏழு இல்லை, இந்த மாசம் எட்டு" எண்டு சொல்லித் தருவினம்.

இனித்தான் விசயம். கோவிக்காமல் வாசி.

மாசியிலை கந்தப்புத் தரகர் உனக்கு ஆரணியின்ரை சம்பந்தம் கொண்டுவந்தவர். உன்னைப் பெத்த கொம்மாவுக்கும் பிடிச்சுக்கொண்டுது. நீங்கள் ரண்டு பேரும் போனிலை கதைக்கத் தொடங்கினியள். சித்திரை முடியிற நேரம் கொம்மா, என்ரை கமலாவதி மச்சாள், அரியாலையிலை இருந்து எனக்குப் போன் எடுத்து, "பத்மாசினி, அந்தப் பிள்ளை உங்கடை டொக்டரிட்டைத்தானே மருந்தெடுக்கிறது?" எண்டு கேட்டா. நான் "ஓம், சின்னனிலை இருந்து வாறவள்" எண்டன். அவ்வளவுதான் கதை. பார் எண்டு அவ சொல்லேல்லை. அதை நான் எழுதியாக வேணும். அடுத்த நாள் காலமை, டொக்டர் வர முந்தி, நானாய் அவளின்ரை பேரை அடிச்சுப் பாத்தன். உன்னிலை உள்ள அக்கறையிலை பாக்கிறன் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். அது அரைவாசிதான் உண்மை. மிச்ச அரைவாசி, பாக்க ஏலும் எண்டதாலை பாத்தன். முந்தி எண்டால் பழைய கொப்பியள் அலுமாரியிலை பூட்டிக் கிடக்கும். டொக்டரிட்டைத் திறப்புக் கேக்க வேணும், அவர் ஏன் எண்டு கேப்பார். அந்த நேரத்துக்குள்ளை எனக்கு வெக்கம் வந்திருக்கும். இதிலை வெக்கம் வாறதுக்கு நேரமே கிடைக்கேல்லை தம்பி.

அதிலை என்ன கிடந்தது எண்டு எழுதமாட்டன். அது அவளின்ரை. ஆனால் கொம்மாவுக்குச் சொன்னன். ரண்டு நாளிலை உனக்கு நட்சத்திரம் பொருந்தேல்லை எண்டு அறிவிச்சினம். நட்சத்திரத்திலை ஒரு பிழையும் இல்லை.

மச்சாள் தரகர் கந்தப்பருக்கு இரகசியமாய்ச் சொல்ல, கந்தப்பர் ஆரணியின்ரை தகப்பன் அருளம்பலத்தாருக்கு இரகசியமாய்ச் சொல்ல, மனுசன் நேரை டிஸ்பென்சரிக்கு வந்து நிண்டார். சத்தம் போடேல்லை. "டொக்டர், என்ரை பிள்ளை உங்களுக்குச் சொன்னதை அரியாலையிலை எப்பிடிக் கதைக்கினம்?" எண்டு மட்டும் கேட்டார். டொக்டர் கொம்பியூட்டரிலை தேடினார். இன்ன திகதி, காலமை எட்டுப் பத்துக்குத் திறந்தது எண்டு இருக்கு. திறந்தது ஆர் எண்ட இடத்திலை "கவுண்டர்" எண்டு கிடக்கு. மூண்டு பேருக்கும் அந்த ஒரு பேர்தானே. டொக்டர் எங்களைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன். பிரியந்தினி ஆரணியின்ரை ஒழுங்கையிலை இருக்கிறவள், காலமை வந்து கதவு திறக்கிறதும் அவள்தான். டொக்டர் அவளைச் சந்தேகப்பட்டு, திங்கக்கிழமையிலை இருந்து வரவேண்டாம் எண்டு சொன்னார். அவள் கையிலை இருந்த குளிசையை எண்ணி முடிச்சு, உறையிலை போட்டு, ஒரு கிழவருக்கு எப்ப எப்ப போடுறது எண்டு விளங்கப்படுத்திப்போட்டு, பிறகுதான் அழுதவள். நான் வாய் திறக்கேல்லை. மூண்டு நாள் திறக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா, "ஏனப்பா சோத்தை அளையிறாய்?" எண்டு கேட்டார். சொன்னன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடை, என்னை டொக்டர் வீட்டை கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு, "ஒட்டினதை நாங்கள் மூண்டு பேரும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் அக்கா. திறந்தது நீங்கள்" எண்டார். பிரியந்தினியைத் திரும்ப வரச்சொல்லி அவரே போன் எடுத்தார். என்னை ரண்டு கிழமை வீட்டிலை நிக்கச் சொன்னார். நான் பிரியந்தினியிட்டைப் போனன். அவள் இருத்தித் தேத்தண்ணி தந்தவள். "நீங்கள் வந்து சொன்னது பெரிய விசயம் அக்கா. ஆனால் அந்த மூண்டு நாளும் எங்கடை அம்மாவே என்னைச் சந்தேகப்பட்டவ" எண்டாள். இப்பவும் வேலைக் கதையைத் தவிர அவள் என்னோடை கதைக்கிறதில்லை.

அருளம்பலத்தார் வீட்டிலை என்னை இரு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நிண்டபடி மன்னிப்புக் கேட்டன். திரும்பி வரேக்கை ஆரணி வாசல் படலை வரைக்கும் வந்தவள். "மாமி, கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன்" எண்டாள். தம்பி, அவள் கோவிச்சிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

இப்ப ஆளுக்கு ஒரு பாஸ்வேட். பிளாஸ்டரைப் பிடுங்கின இடத்திலை பசை இன்னும் ஒட்டுது. என்ரை பாஸ்வேட்டை மாமாவுக்கும் சொல்லேல்லை. காலமையிலை ரண்டு தரம் பிழைச்சு, மூண்டாந் தரம் திறக்குது. வாங்கிலை இருக்கிற சனம் புறுபுறுக்குது, பத்து நிமிசம் பிந்துது. பிந்தட்டும். நான் எதைத் திறந்தாலும் இனி அதிலை பத்மாசினி எண்டு விழும். பலவீனமான பேர்தான், எண்டாலும் இனி அதுக்குப் பின்னாலை வேறை ஒருத்தியும் அழமாட்டாள்.

கொம்மாவோடை கோவிக்காதை. கோவம் எல்லாம் எனக்கு வரவேண்டியது. அந்தப் பிள்ளையிட்டை நீயாய்க் கதைச்சு, நீயாய் ஒரு முடிவு எடு. நட்சத்திரத்தின்ரை தலையிலை போடாதை.

நீ எந்த முடிவு எடுத்தாலும் உனக்கு நல்லதே நடக்க வேணும் எண்டு மாமாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அன்பு மாமி,
பத்மாசினி

பி.கு.: கடிதத்தை மடிக்கேக்கை நீ போன் எடுத்தாய். எடுத்த எடுப்பிலை, "மாமி, ஆரணி எனக்கு எல்லாத்தையும் கதைக்கத் தொடங்கின ரண்டாம் நாளே சொன்னவ" எண்டாய். எனக்கு இருந்த இடம் தெரியேல்லை. பிறகு, போன புதன்கிழமை யாழ்ப்பாணம் வந்து கலியாண எழுத்தும் எழுதியாச்சு, அருளம்பலத்தார்தான் சாட்சிக் கையெழுத்து எண்டாய். நீயாய் வந்து கொம்மாவுக்குச் சொல்லுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டாய். அப்ப எனக்கு ஏன்ரா சொன்னனி எண்டு கேட்டன். "ஆரணிதான் சொன்னவ, மாமியிட்டைச் சொல்லலாம் எண்டு" எண்டாய். அதுக்குப் பிறகு நான் என்ன கதைச்சன் எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. இனி இந்தக் கடிதத்தாலை உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எண்டாலும் என்ரை பேர் போட்டு எழுதினது, அனுப்பத்தான் போறன். ஒண்டு மட்டும் கேள் ராசா. கொம்மா நாளைக்குக் காலமை பஸ்ஸிலை இஞ்சை வாறா, ஒரு கிழமை நிண்டு போறன் எண்டு சொல்லுறா. கெதியா லீவு எடு.