நூல் மறியலை முறியடித்த மாநாடு

கலை, அறிவியல், கட்டிடக்கலை ஆகிய மூன்றையும் ஒரே ஜீப்பில் ஏற்றிச் சென்ற பெருமை எங்கள் மரபு நெசவு ஆய்வுக் குழுவுக்கே உரியது. முன் இருக்கையில் தலைவர் டாக்டர் சின்னராசு. பின்னால் குழுவின் தற்காலிக எழுத்தராகிய நான். எனக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே ஓர் அரிவாள்.

அரிவாள் ஏன் என்று கேட்காதீர்கள். 1987 செப்டம்பர், இட ஒதுக்கீட்டுப் போராட்டம். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ரோட்டில் புளியமரம் படுத்திருந்தது. ஆகவே 'பயண உபகரணம்' என்ற தலைப்பில் முறைப்படி அனுமதி பெற்று வாங்கினோம்.

கச்சிராயபாளையம் கல்யாண மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு மாநாடு. தலைவரின் நாற்பது பக்கக் கட்டுரைதான் அதன் உயிர். அதிலும் பதினோராம் பக்கம் மகத்தானது: 'நெசவாளர் தெரு நேராக இருப்பது, பாவு என்னும் நீள நூலை விரித்துக் கஞ்சி போடுவதற்காக. அங்கே தெருவும் தறியின் உறுப்பே!' தலைவர் இதை நூலகத்தில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தார். ஒரு பாவைக்கூட நேரில் பார்க்காமல் இவ்வளவு துல்லியமாக எழுத எத்தனை பேரால் முடியும்?

கச்சிராயபாளையத்தை நெருங்கியதும் மெயின் ரோட்டில் மரம். டிரைவர் பச்சமுத்து பக்கத்து நெசவாளர் தெருவுக்குள் ஜீப்பைத் திருப்பினார். திருப்பியதும் பிரேக் போட்டார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மூங்கில் கால்களின் மேல், இடுப்பு உயரத்தில் சிவப்பு நூல். இருபுறமும் ஏழெட்டுப் பேர், கையில் பெரிய பெரிய பிரஷ்களோடு.

"மறியல்!" என்றார் தலைவர்.

ரோட்டைக் குறுக்கே மறித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நீளவாக்கில் மறித்தவர்களை அன்றுதான் பார்த்தோம்.

தடையைப் பார்வையிட என்னை அனுப்பினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, நூலைத் தாண்டாமல் கோடிவரை நடந்து, சுற்றி வந்து அறிக்கை சமர்ப்பித்தேன்.

"என்னய்யா அது?"

"பாத்தா நூல் மாதிரி இருக்குது சார்."

"மாதிரின்னா?"

"நீங்க சொன்னா மறியல்தான் சார்."

பிரஷ்ஷும் கையுமாக ஓர் அம்மாள் ஓடி வந்தார். பெயர் செல்லியம்மாள். "இன்னாங்க மறியலு? பாவுங்க இது! கஞ்சி போட்டுக்கினு இருக்கோம். செத்த காஞ்சா சுருட்டிக்கினு போயிடுவோம். ஆறு பொடவைக்கு உண்டான பாவு, இந்த மாசம் எங்க வூட்ல அடுப்பு எரியறதே இதாலதாங்க."

"சரி, உங்க கோரிக்கை என்ன?"

"தெருவுல கொஞ்சம் எடங்க. காலையில ரெண்டு மணி நேரம். அவ்ளோதாங்க."

"பாத்தியா, இட ஒதுக்கீடேதான்!" என்று தலைவர் என் பக்கம் திரும்பினார். "வெட்டு."

அரிவாள் என் பக்கத்தில் இருந்ததால் கடமையும் என் பக்கம் இருந்தது. பத்தே நிமிடத்தில் மறியல் முறியடிக்கப்பட்டது. ஒன்பது மணி மாநாட்டுக்கு எட்டு ஐம்பதுக்கே போய்ச் சேர்ந்தோம்.

தலைவர் பதினோராம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, அறுந்த பாவை மார்போடு அணைத்தபடி செல்லியம்மாள் மண்டபத்துக்குள் வந்தார். தலைவர் பரவசமானார். "இதோ, என் கட்டுரைக்கு உயிருள்ள சான்று!" பாவு மேடை மேசையில் விரிக்கப்பட்டது. செல்லியம்மாளுக்கு விசைத்தறியில் நெய்த பொன்னாடை போர்த்தப்பட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார் தலைவர்.

மைக்கை நீட்டும் பொறுப்பு எனக்கு. செல்லியம்மாள் தலைவரைப் பார்க்கவே இல்லை.

"அவருக்குப் பாவு தெரியாது, வெட்டச் சொல்லிட்டாரு. நீ செருப்பக் கழட்டிட்டு, தாண்டாம சுத்திக்கினு போனியே தம்பி! எங்காளுங்கதான் பாவைத் தாண்ட மாட்டாங்க. நீ தறிக்காரன் வூட்டுப் புள்ளதானே?"

நடவடிக்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். 'நெசவாளர் பிரதிநிதி நன்றி கூறினார்.' அடுத்த மாதமே என்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள்.