இருக்கிற நிலையே தொடரட்டும்

ஒரே ஒரு ஊரில், கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் எதிரெதிரே இருந்த ஊரில், ஒரு வக்கீல் இருந்தார். வாதாடுவதை விட்டுப் பல காலம் ஆயிற்று. மாதப் பத்திரிகை ஒன்றில் புதுத் தீர்ப்புகளை விமரிசித்து எழுதுவதுதான் இப்போது தொழில். எவ்வளவு பெரிய நீதிபதியானாலும் சரி, அவர் பேனாவில் சிக்கினால் தோல் உரிந்துதான் வெளியே வருவார்.

அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் எழுதுவதை அச்சுக்குப் போகுமுன் முதலில் படிப்பவள் அவள்தான். சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு படிப்பாள். அவள் சிரித்த இடத்தில் அவர் கை வைக்கமாட்டார். கொட்டாவி விட்ட பக்கம் நேரே குப்பைக்கூடைக்குப் போகும்.

இந்த மாதம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு கடைத் தகராறு. 'மறு உத்தரவு வரும்வரை இருக்கிற நிலையே தொடரட்டும்' என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து போய்விட்டார். கடைக்குள் யார் இருக்கிறார் என்று கேட்கவே இல்லை. அன்று காலையில் பூட்டை உடைத்து உள்ளே உட்கார்ந்தவனுக்கே கடை நிலைத்துவிட்டது. வக்கீல் அந்த நீதிபதியை வெளுத்து வாங்கியிருந்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "என்னங்க, மலைக்கு அந்தப் பக்கம் புது வார்டு திறக்கறாங்க. ஒரு வருஷம் அங்கயே தங்கிப் பாத்துக்கச் சொல்றாங்க."

அவள் இல்லாமல் ஒரு வீடா? 'போகாதே' என்ற சொல் வக்கீலின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சட்டம் படித்த மனுஷன் கெஞ்சலாமா? கெஞ்சாமல் சட்டப்படியே ஜெயிப்பது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"இது ஆழமாப் பரிசீலிக்க வேண்டிய விஷயம்."

"எப்பப் பரிசீலிப்பீங்க?"

"உரிய நேரத்துல."

"அதுவரைக்கும்?"

"இருக்கிற நிலையே தொடரட்டும்."

"மாறக் கூடாதுல்ல?"

"இம்மியும் மாறக் கூடாது!"

"நீங்க சொன்னாச் சரிங்க," என்றாள் சாதுவாக.

அன்று முழுக்க வக்கீல் சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் காலை கூடத்தில் பெட்டி. வாசலில் கார்.

"என்னது இது?"

"புது வார்டுக்குக் கிளம்பறேன்."

"இருக்கிற நிலை தொடரணும்னு சொன்னேனே!"

"அதைத்தான் தொடர்றேன். போன திங்கட்கிழமையே வேலைய ஒத்துக்கிட்டாச்சு. உங்க தீர்ப்பு வந்தப்ப அதுதானே இருந்த நிலை?"

"அதை நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

மேல்முறையீட்டுக்கு மிச்சம் இருந்தது வீட்டோடு இருந்த அம்மா ஒருத்திதான். ஓடினார்.

"அம்மா, நீயாவது சொல்லும்மா!"

"நான் என்னடா சொல்றது? உன் தீர்ப்பு உனக்கே பிடிக்கலேன்னா, அதையும் திட்டி ஒரு கட்டுரை எழுது."

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. சட்டத்தை விடுங்க. உங்க மனசுல என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் இத்தனை வருஷமாக அடுத்தவர் சொன்னதைப் பற்றியே சொல்லிப் பழகிய வாய் அது. சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றதும் தடுமாறியது.

"ஒருபுறம் பார்த்தால், பணியாளரின் உரிமை. மறுபுறம் பார்த்தால், குடும்பம் என்கிற அமைப்பின்..."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள்.

வக்கீல் திரும்பினார். அம்மா ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா?"

"அவகூடத்தான். நீ மறுபுறம் பாத்து முடிக்கற வரைக்கும் நான் உயிரோட இருக்கணுமேடா," என்று சொல்லிவிட்டு அம்மாவும் படியிறங்கிப் போனாள்.