ஓதம் ஏறும்போது வீடு காட்டிய விவரம்

ஆற்றங்கரை வீடு, ஆல்ட்வின்.
அக்டோபர் 19, சனிக்கிழமை, காலை 11:40. வீட்டுக்குள் ஏழு பேர். அதில் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். வாசலில் ஐந்து படிகள். மூன்று தண்ணீருக்குள்.

மதிப்புக்குரிய ஹெஸ்டர் அத்தைக்கு மைல்ஸ் எழுதுவது. நான் நலம். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு லீட்ஸில் மகள் ப்ரூனா வீட்டு சோபாவில் படுத்திருக்கும் நீங்கள் நலமாக இருக்க வாய்ப்பில்லை, தெரியும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீடு விற்காது. திங்கட்கிழமைக்குள் இதற்கு ஆள் கிடைத்தால்தான் லிஃப்ட் வைத்த அந்த ஃப்ளாட் உங்களுக்கு என்றார்கள் இல்லையா, அதையும் மறந்துவிடுங்கள். என்மேல் தப்பில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது தண்ணீர் உள்ளே வருமா என்றுதான். வராது. ஜார்ஜ் மன்னர் காலத்தில் கட்டியவன் முட்டாள் இல்லை, அதற்காகத்தான் ஐந்து படி வைத்தான். ஆனால் பௌர்ணமியை ஒட்டி கடல் பொங்கி ஆற்றில் ஓதம் ஏறும்போது வாசல் சந்து முழுகும், அதைக் கண்ணால் பார்த்தவன் அப்புறம் எதையும் நம்பமாட்டான். அதனால் அவர்கள் அதைப் பார்க்காதபடி நேரம் குறித்தேன். கப்பல் பொறியியல் படித்தவனுக்கு ஓத அட்டவணை பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு க்ளப் புத்தகத்தில் உச்ச ஓதம் 11:50 என்று இருந்தது. அட்டவணை அடிப்பது கிரீனிச் நேரத்தில், நம் கடிகாரம் அக்டோபர் கடைசிவரை ஒரு மணி முன்னே ஓடும் கோடை நேரத்தில், எனவே ஒரு மணி கூட்டி 12:50. சந்தில் தண்ணீர் வர பன்னிரண்டாகும். பத்தரைக்கு வரச்சொல்லி பதினொன்றரைக்கு அனுப்பிவிடலாம். கணக்கு சுத்தம்.

வந்தவர்கள் ஹாலம் தம்பதி, பல் டாக்டர்கள், ரயிலில் வந்து நடந்தே வந்தார்கள். வீட்டு ஏஜெண்ட் பிப்பா மட்டும் காரைச் சந்தில் நிறுத்தினாள். கீழே எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாடியில் உங்கள் படுக்கையறைக் கதவைத் திறந்தால் ஜன்னலில் படகு க்ளப் டெஸ்மண்ட், மாவிஸ், ஊதுகுழலோடு இன்னொருவர், கொடிகள், பிஸ்கட் டப்பா. சனிக்கிழமைப் படகுப் போட்டியை உங்கள் ஜன்னலிலிருந்துதான் தொடங்குவார்கள் என்பது தெரியும், அதனால்தான் இன்று வரவேண்டாம் என்று டெஸ்மண்டிடம் வியாழக்கிழமையே சொன்னேன்.

"சொன்னே தம்பி. ஜன்னலுக்கு நேரா ஆத்துல போட்டி தொடங்குற மிதவை போட்டு முப்பத்தோரு வருஷமாச்சு. அதுகிட்டயும் சொல்லிட்டியா?"

"வெளிய போங்க, வீடு பாக்க வந்திருக்காங்க."

"ஷ்ஷ்! போட்டிக்கு அஞ்சு நிமிஷம்னு கொடி ஏத்தியாச்சு. இப்ப ராஜாவே வந்தாலும் நகர மாட்டோம்."

மாவிஸ் திருமதி ஹாலமின் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்து, "நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, நொடி எண்ணுங்கம்மா" என்றாள். அந்த அம்மாளும் எண்ணினாள்! குழல் ஊதியது, பிப்பா அலறினாள். குழலுக்காக இல்லை. ஜன்னலுக்குக் கீழே அவள் கார் பாதிச் சக்கரம் முழுகி நின்றது. "ஏன் மைல்ஸ், பன்னெண்டுக்கு மேலதான்னு சொன்னீங்களே!" அட்டவணை தப்பு என்றேன். அச்சடித்த க்ளப்பைக் கேள் என்றேன். டெஸ்மண்ட் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார், அதுதான் எரிச்சல். இப்போது யாரும் வெளியே போக முடியாது. திரு. ஹாலம் வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே முறைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் என்னத்தைச் சொல்வது?

உங்கள் இடுப்பு சீக்கிரம் தேறட்டும். ப்ரூனாவுக்கு என் அன்பு. அவள் பூனைக்கு இல்லை.

இப்படிக்கு,
மைல்ஸ்

பி.கு. (பிற்பகல் 1:25) மேலே எழுதியதில் தேதி மட்டும் சரி. தண்ணீர் வடிந்ததும் ஹாலம் என் கையைக் குலுக்கினார். "இந்த ஆத்தோரம் பதினாலு வீடு பாத்தோம். எல்லாரும் தண்ணி வத்தினப்பதான் கூப்பிட்டாங்க. ஏறுறப்ப கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். நாலாவது படி நனையவே இல்ல, கூடவே உக்காந்து பாத்துட்டேன். கேட்ட விலைக்கே எடுத்துக்கறோம்" என்றார். அவர் மனைவி, "நேர்மையான பையன்" என்றாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். அவர்கள் ஸ்டேஷனுக்குப் போனபிறகு மாவிஸ் க்ளப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் காட்டினாள்: 'நேரங்கள் எல்லாம் கோடை நேரத்துக்கு மாற்றப்பட்டவை.' கூட்டியே அச்சடித்ததை நான் இன்னொரு முறை கூட்டியிருக்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. பிப்பாவின் காரை இழுக்க ஆள் பிடிப்பது.
2. ஹாலமைக் கூப்பிட்டு, அது நேர்மை இல்லை, தண்ணீரை மறைக்கப் போட்ட கணக்கு பிசகிவிட்டது என்று சொல்வது. நல்ல பெயரை ஓசியில் வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியாது.
3. அதற்கப்புறமும் அவர் வாங்குகிறேன் என்றால் மட்டும் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவது. இல்லையென்றால் கிழித்துப்போட்டுவிட்டு, லீட்ஸுக்கு ரயிலேறி, சோபா பக்கத்தில் நின்று உங்களிடம் நேரிலேயே திட்டு வாங்குவது.